குல்லாவைக் கழற்றச் சொன்னால்

இடது தோள் மரத்துப்போய் வெகுநேரம் ஆகிறது. வலது தோளுக்கு மாற்றினால் எழுந்துவிடுவான், எழுந்தால் தண்ணி கேட்பான், தண்ணி பாட்டிலை நடுவில் விமானம் மாறிய ஊரில் வாங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டார்கள், அதனால் இப்படியே நிற்கிறேன். சட்டைக் காலருக்குக் கீழே எச்சில் ஊறி ஈரமாக இருக்கிறது. வரிசையை நாடா கட்டி மடக்கி மடக்கி விட்டிருக்கிறார்கள், நேராக நடந்தால் நாலு எட்டு, இப்படிச் சுற்றினால் அரைமணி நேரம், ஒரு மடக்கில் பார்த்த முகத்தையே அடுத்த மடக்கிலும் பார்க்க வேண்டியிருக்கிறது, முதல் தடவை சிரித்தாயிற்று, இரண்டாம் தடவை என்ன செய்வது என்று தெரியாமல் இரண்டு பேருமே தலையைத் தூக்கி போர்டைப் பார்க்கிறோம். ஐரோப்பாக்காரர்களுக்கு ஒரு அம்பு, மற்றவர்களுக்கு ஒரு அம்பு. நாங்கள் மற்றவர்கள். கைப்பையைக் காலால் தள்ளித் தள்ளி நகர்கிறேன். முன்னால் போகிற பெரியவர் சட்டென்று நின்றால் என் கால் தானாகத் தரையை அழுத்துகிறது. டிரைவிங் ஸ்கூல் புத்தி. உசிலம்பட்டியில் வருஷக்கணக்காகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அடுத்தவர் ஓட்டுகிற வண்டிக்குப் பிரேக் போட்டே பழகிய கால், அயர்லாந்துக்கு வந்தும் அதையேதான் செய்கிறது. சுடர் வெளியே நிற்கிறாள். இந்தக் கண்ணாடிக் கூண்டுகளைத் தாண்டி, பெட்டி எடுக்கிற இடத்தைத் தாண்டி ஒரு கதவு இருக்கிறதாம், தானாகத் திறக்குமாம், திறந்தால் எதிரே அவள் நிற்பாளாம். நைட் டியூட்டி முடித்துத் தூங்காமல் நேரே வருகிறேன் என்று மெசேஜ் போட்டிருக்கிறாள். இங்கே நர்ஸ் அவள். மகன் மாயன் தவழ ஆரம்பித்த மாதத்தில் வேலை கிடைத்து வந்தாள், இப்போது அவன் ஓடுகிறான், நடுவில் நடந்த அத்தனையையும் போனில்தான் பார்த்தாள். தோளில் கிடக்கிற இந்தப் பயலைப் பார்த்ததும் முதலில் என்ன செய்வாள்? குல்லாவைக் கழற்றுவாள். வேறென்ன செய்வாள், எந்த அம்மாவாக இருந்தாலும் அதைத்தான் செய்வாள். கழற்றினால் உள்ளே முடி இருக்காது. அது அவளுக்குத் தெரியாது.

லேசான முடி இல்லை அது. சுருட்டை. பிறந்து ஆறு மாதத்திலேயே நெற்றியை மறைத்து, காதை மறைத்து, எண்ணெய் வைத்துச் சீவினாலும் மறு நிமிஷம் பழையபடி சுருண்டு நிற்கும். என் பக்கத்திலும் அப்படி யாருக்கும் கிடையாது, சுடர் பக்கத்திலும் கிடையாது. அயர்லாந்துக்குக் கிளம்புகிற வாரத்தில் சுடர் அவனைக் குளிக்க வைத்து, ரெண்டு சடை போட்டு, பட்டுப்பாவாடை கட்டி, பூ வைத்து, ஸ்டுடியோவுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். மொட்டை போடுவதற்கு முன்னால் ஆம்பளைப் பிள்ளைக்கும் பொம்பளை வேஷம் போட்டு ஒரு படம் எடுத்து வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம், பின்னால் கல்யாணப் பந்தலில் அதைக் காட்டி எல்லோரும் சிரிக்க வேண்டும், அதற்குத்தான். எடுத்து முடித்ததும் ஸ்டுடியோக்காரர், பாஸ்போர்ட்டுக்கும் சேர்த்து எடுத்துடலாமே தம்பி, திரும்ப எதுக்கு அலையறீங்க என்று பின்னால் வெள்ளைத் துணியைக் கட்டினார். பாவாடையைக் கழற்றினோம், பூவை எடுத்தோம், பொட்டை அழித்தோம். சடையைப் பிரித்தால் மறுபடி அழுவான் என்று அப்படியே விட்டுவிட்டோம். கண்ணில் மை வேறு. பாஸ்போர்ட் கவுன்டரில் இருந்த அம்மா படத்தைப் பார்த்ததும், மொட்டைக்கு முன்னாடி எடுத்ததா, என் மகனுக்கும் இருக்கு என்று சிரித்துவிட்டு எடுத்துக்கொண்டார். அங்கே யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. இங்கே இந்தக் கூண்டுக்குள் இருக்கிறவர்கள் யார் பிள்ளைக்குச் சடை போட்டார்கள். பாஸ்போர்ட்டில் ஆண் என்று போட்டிருக்கிறது, படத்தில் மையிட்ட பொம்பளைப் பிள்ளை, தோளில் மொட்டைப் பயல், தூக்கி வந்திருப்பவன் பக்கத்தில் அம்மாக்காரி இல்லை. இத்தனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நானே நம்ப மாட்டேன். ஓரத்தில் ஒரு அறை இருக்கிறது. கதவில் சின்னதாக ஒரு கண்ணாடிச் சதுரம். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ஒரு ஆளை அதற்குள் கூட்டிப் போனார்கள், இன்னும் வெளியே வரவில்லை. மாயனையும் என்னையும் தனித்தனியாக உட்கார வைத்து விசாரித்தால்? அவனை என்னத்தை விசாரிப்பார்கள், அவனுக்குத் தெரிந்தது கார், நாய், பிஸ்கட். ஆனால் ஒருத்தி வந்து கையை நீட்டி அவனை வாங்கிக்கொண்டு போனால் எப்படிக் கத்துவான் என்பது எனக்குத் தெரியும்.

மொட்டையை நான் லீவுல வந்ததும் போடலாங்க, நான் இல்லாம போட்டுறாதீங்க. போகும்போது அவள் கேட்டது இது ஒன்றுதான். சரி என்றேன். சரி என்பது என் வாயில் எப்போதும் தயாராக இருக்கும், கிளட்சை மெதுவா விடுங்க என்பதைப் போல. வேண்டுதலே அவளுடையதுதான். பிறந்த நாலைந்து நாளில் மஞ்சள்காமாலை கூடி, காய்ச்சலும் சேர்ந்து, பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். தாய் மட்டும்தான் உள்ளே போகலாம். நான் வராந்தாவில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் வெளியே வந்தவள் சுவரில் சாய்ந்துகொண்டு, நல்லபடியா வீட்டுக்கு வந்துட்டான்னா நம்ம குலசாமிக்கு மொட்டை போடுறேன்னு வேண்டிக்கிட்டேன் என்றாள். உள்ள என்ன பார்த்த என்று கேட்டேன். ஒண்ணுமில்லை என்றாள். நர்ஸ் ஒருத்தி ஒண்ணுமில்லை என்று சொன்னால் அதற்கு மேல் என்ன கேட்பது. அப்புறம் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை, எங்களுக்கு விசா கிடைத்துவிட்டது. மாமனார் பிடித்துக்கொண்டார். அவர் மேடையில் ஏறினால் சாமி இல்லை, பூதம் இல்லை என்று பேசுகிறவர், மகளுக்குச் சுடர்க்கொடி என்று பேர் வைத்தவர், பேரன் விஷயம் என்றதும், வேண்டுதலை வச்சுக்கிட்டுக் கடல் தாண்ட வேணாம் மாப்ள, எனக்கு நம்பிக்கை கிடையாது, ஆனா செஞ்சுருவோம் என்றார். செய்துவிட்டோம். தாய்மாமன் மடியில் உட்கார்த்திதான் எடுக்க வேண்டும், சுடரோடு பிறந்தவர்கள் யாரும் இல்லை, ஒன்றுவிட்ட அண்ணன் ஒருத்தரை வரச் சொல்லலாம் என்றார் மாமா. யாரும் வேண்டாம் என்று நானே சம்மணம் போட்டு உட்கார்ந்து அவனை மடியில் வைத்துக்கொண்டேன். கோயிலில் சிக்னல் இல்லையா என்றால் இருந்தது. போனை எடுத்து வீடியோ போட்டிருக்கலாம். அவள் தூங்குகிற நேரம், எழுப்ப வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழுப்பியிருந்தால் துள்ளி எழுந்திருப்பாள் என்று தெரியாதா எனக்கு. வீட்டில் எது செய்தாலும் போனைச் சொம்பில் சாய்த்து வைத்து அவளுக்குக் காட்டித்தான் செய்ய வேண்டும். இட்லி ஊட்டினால், இன்னும் கொஞ்சம் பிசையுங்க. நகம் வெட்டினால், அந்தப் பக்கம் இல்லங்க, இந்தப் பக்கம். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு பிரேக் போடுகிறவன் எவ்வளவு பெரிய தொல்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரே ஒரு நாளாவது நானே ஓட்டிப் பார்க்க வேண்டும் போல இருந்தது. போனை மாமாவிடம் கொடுத்து, அணைத்து வைத்துக்கச் சொன்னேன்.

வரிசை நகர்கிறது. பையைத் தள்ளுகிறேன். குல்லா ஓரமாக அவன் காதுக்குப் பின்னால் வேர்த்திருக்கிறது, துடைக்கிறேன். அந்த இடம் வரும்போதெல்லாம் விரல் தானாக அங்கே போகிறது. இடது காதுக்கு மேலே, கொஞ்சம் பின்னால் தள்ளி. நாவிதர் கடைசியில் தண்ணியை ஊற்றி வழித்துவிட்டபோதுதான் அதைப் பார்த்தேன். உளுந்து அளவுக்குக் கறுப்பாக. சவரக்கத்தி பட்டுவிட்டது என்று நினைத்து அவரைப் பிடித்துக் கன்னாபின்னாவென்று சத்தம் போட்டுவிட்டேன், கோயிலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், அவர் கையைத் துடைத்துக்கொண்டு, மச்சம்ங்க என்றார். மச்சம்தான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இவன் உடம்பில் நான் பார்க்காத இடம் இல்லை என்றிருந்தேன். குளிப்பாட்டுவது நான், பேதி என்றால் கழுவுவது நான், டிரைவிங் ஸ்கூல் வண்டியின் பின் சீட்டில் துண்டு விரித்துத் தூங்க வைப்பது நான், எங்களிடம் வண்டி பழகிய அத்தனை பேரும் இவனுக்குப் பிஸ்கட் வாங்கிக் கொடுத்துத்தான் பழகினார்கள். எந்த அழுகை பசி, எந்த அழுகை பொய் என்று எனக்குத் தெரிகிற மாதிரி ஒருத்தருக்கும் தெரியாது. அப்பேர்ப்பட்ட எனக்கு இவ்வளவு நாளாக ஒரு மச்சம் தெரியாமல் இருந்திருக்கிறது. கொஞ்ச நேரம் கோபமாக இருந்தது, யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அப்புறம் சந்தோஷமாகிவிட்டது. இதை வேறு யாரும் பார்த்ததில்லை. மாமாவுக்குத் தெரியாது. சுடருக்குத் தெரியாது. போனில் எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் அந்தச் சுருட்டைக்குள் இது தெரிந்திருக்காது. இது என்னுடையது. பேருந்தில் ஊர் திரும்பும்போது வழியெல்லாம் அதைத் தடவிக்கொண்டே வந்தேன். சாயங்காலம் அவள் போன் செய்வதற்குள் அவசர அவசரமாகக் கடைத்தெருவுக்கு ஓடி இந்தக் குரங்குக் குல்லாவை வாங்கி மாட்டியிருந்தேன். என்னங்க இது, இந்த வெயில்ல? அங்க குளிருமில்ல, இப்பவே பழக்குறேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள், நல்ல அப்பாதான் போங்க என்றாள். அவன் குல்லாவைப் பிடுங்கப் பார்க்கிறான், நான் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போனைப் பிடித்துக்கொண்டு, நெட் சரியில்லை, அப்புறம் பேசுறேன் என்று வைத்துவிட்டேன். மறுநாளும் குல்லா. அதற்கு அடுத்த நாளும். ஒரு வாரமாக என் பிள்ளைக்கு வேர்க்குரு.

விமானத்தில் எல்லோரும் கேட்ட கேள்வி, அம்மா எங்கே? தட்டு கொண்டு வந்த பெண் கேட்டாள், பக்கத்து சீட்டு அக்கா கேட்டார், டாய்லெட் வாசலில் டயப்பரும் கையுமாக நின்றபோது ஒரு வெள்ளைக்காரக் கிழவர் கூடக் கேட்டார். நான் ஒருத்தன் முழுசாக நிற்பது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. அந்த டாய்லெட்டில் டயப்பர் மாற்றுகிற பலகை என்று சுவரில் ஒன்றை மடக்கி வைத்திருந்தார்கள், அதை இறக்கினால் எனக்கு நிற்க இடமில்லை, நான் நின்றால் அதை இறக்க முடியவில்லை, கடைசியில் கக்கூஸ் மூடியைக் கவிழ்த்து அதன் மேல் நான் உட்கார்ந்து அவனை மடியில் குப்புறப் போட்டு வேலையை முடித்தேன். இறங்கும்போது காது வலித்து அவன் அலறினான். அந்த அக்கா, அம்மாகிட்ட போறோம்ல, அழக்கூடாது என்றார். அவன் நிறுத்தவில்லை. அம்மா என்றால் அவனுக்கு என்ன? போன் அடித்தால் ஓடி வந்து உதட்டைக் குவித்துக் கண்ணாடியில் முத்தம் கொடுப்பான். ஆனால் போன் சின்னது, ஆள் பெரிசு. ஆளைப் பார்த்ததும் இவன் அவளிடம் போகாவிட்டால் அவள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது? உடனே தாவிப் போய்விட்டால்? அதையும் யோசிக்காமல் இல்லை. நாளையிலிருந்து இவனைக் குளிப்பாட்டுவது யார்? மொட்டைக்கு அவளிடம் சொல்ல மூன்று காரணம் தயார் செய்து வைத்திருக்கிறேன். உங்கப்பாதான் சொன்னார். விசா தேதி நெருங்கிவிட்டது. தலையெல்லாம் வேர்க்குரு. மூன்றாவதைச் சொல்ல முடியாது, வேர்க்குரு மொட்டைக்குப் பிறகு வந்தது. ரெண்டாவதைச் சொன்னால், ஒரு போன் பண்ண எவ்வளவு நேரமாகும் என்பாள். முதலாவதைச் சொன்னால் அவள் அப்பாவுக்குப் போன் போடுவாள், அவர் மேடைக்காரர், எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லிவிடுவார், போனை அணைத்து வைக்கச் சொன்னது உட்பட. எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி அதே சந்துக்குள்தான் போகிறது.

பச்சை விளக்கு எரிந்தது. கூண்டுக்குள் செந்தாடி வைத்த ஒருவர். வாங்க என்பது போலக் கையைக் காட்டினார். பாஸ்போர்ட் ரெண்டு, சுடரின் கடிதம், கல்யாணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், எல்லாவற்றையும் ஒரே கையால் எடுத்து வைத்தேன். யாரிடம் போகிறீர்கள், என்ன வேலை செய்கிறார், எவ்வளவு நாள். என் இங்கிலீஷ் லைசென்ஸ் ஆபீஸ் இங்கிலீஷ், அதுவரைக்கும் சமாளித்தது. பிறகு மாயனின் பாஸ்போர்ட்டைத் திறந்தார். பார்த்தார். எட்டித் தோளைப் பார்த்தார். குல்லாவைக் கழற்றுங்கள் என்றார். சுடருக்கு முன்னால் கழற்ற வேண்டியதை இவருக்கு முன்னால் கழற்றினேன். அவர் படத்தை விரலால் தட்டி, இது ஆணா பெண்ணா என்றார். பாய் சார். இது? தோளைக் காட்டினார். பாய் சார், சேம் பாய். அப்புறம் முடி எங்கே என்றார். காட் என்றேன். கடவுளுக்கா? ஆமாம் சார், கொடுத்தோம். அந்த முடியை வைத்துக்கொண்டு உங்கள் கடவுள் என்ன செய்வார் என்று கேட்பாரோ என்று பயந்தேன், கேட்கவில்லை, மரியாதை தெரிந்த மனுஷன். பிறப்புச் சான்றிதழை முன்னால் நகர்த்தினேன். காகிதம் எல்லாம் சரியாக இருக்கிறது சார், ஆனால் நான் பொருத்திப் பார்க்க வேண்டியது காகிதத்தை இல்லை, குழந்தையை என்றார். அந்த நேரம் பார்த்து மாயன் எழுந்தான். தாடியைப் பார்த்தான், என் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்துக்கொண்டான். பாருங்க சார் என்றேன். அவர் தலையை ஆட்டினார், குழந்தைகள் தங்களைத் தூக்கி வைத்திருக்கிற யாரையும் பிடித்துக்கொள்ளும் என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அடையாளம் சொல்றேன் சார், மச்சம் இருக்கு என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். நீங்கள் சொல்வதை நானும்தான் பார்க்கிறேனே, இவனை இப்போது பார்க்க முடியாத ஒருவர் சொல்ல வேண்டும். நீங்கள் எதுவும் பேசக் கூடாது. சுடரின் கடிதத்திலிருந்த நம்பரைப் போட்டு, சத்தத்தை வெளியே வைத்தார்.

முதல் மணியிலேயே எடுத்தாள். எஸ், ஸ்பீக்கிங். ஆஸ்பத்திரிக் குரல், நடுக்கமே இல்லை. அவர் யாரென்று சொன்னார், கவலைப்பட ஒன்றுமில்லை என்றார், உங்கள் மகன் எப்படி இருப்பான் என்று சொல்லுங்கள் என்றார். இப்போது எப்படி இருக்கிறான், அதைச் சொல்லுங்கள். முடி நிறைய இருக்கும் என்றாள் சுடர். கறுப்பு, சுருட்டை, நெற்றியில வந்து விழும். அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷில் அழகாகச் சொன்னாள், சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. அந்த மனுஷன் மாயனின் மொட்டையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என் கால் தரையைப் போட்டு அழுத்தியது. சுடர், மொட்டைடீ என்று கத்தலாமா? பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். கத்தினால் அந்த அறைதான். கத்தாவிட்டாலும் அந்த அறைதான். நான்தான் இதைச் செய்தேன், அந்தக் குல்லாவை வாங்கி மாட்டி, இல்லாத முடியை அவளைச் சொல்ல வைத்தவன் நான்தான். வேறு ஏதாவது, மாறாதது ஏதாவது என்று அவர் கேட்டார். எங்கள் பள்ளிக்கூடச் சான்றிதழில் அங்க அடையாளம் என்று ஒரு கட்டம் இருக்கும், எல்லோரும் மச்சம்தான் எழுதுவோம், எனக்கு வலது முழங்கையில் ஒன்று, அதை வைத்துத்தான் நான் நான் என்று ஆயிற்று. இவனுக்கு எதை எழுதுவாள்? முழங்காலில் ஒரு தழும்பு இருக்கிறதா, நெற்றியில் ஒரு தையல் இருக்கிறதா, விழவே விடாமல் வளர்த்துத் தொலைத்திருக்கிறேன். இருப்பது ஒன்றே ஒன்று, அதுவும் எனக்கு மட்டும் தெரிந்தது. பேருந்தில் வழியெல்லாம் தடவிக்கொண்டு வந்தேனே, அப்போதே சொல்லியிருக்கக் கூடாதா.

மச்சம் இருக்கு, என்றாள்.

இடது காதுக்கு மேல, கொஞ்சம் பின்னால தள்ளி. முடியை ஒதுக்கிப் பார்த்தாத்தான் தெரியும், மேலாகப் பார்த்தால் தெரியாது. பிறந்தப்போ கையில் நரம்பு கிடைக்காமல் தலையில் ஊசி போட வேண்டியதாயிற்று, அதற்காக அந்த இடத்தில் மட்டும் முடியை வழித்தார்கள், ஊசிக்குப் பக்கத்திலேயே இருந்தது, ஊசியைப் பார்க்க முடியாமல் நான் அந்த மச்சத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றாள். அதையும் அவரிடம் இங்கிலீஷில், ஒரு டாக்டரிடம் கேஸ் சொல்வது போலச் சொன்னாள். ஒண்ணுமில்லை என்று என்னிடம் சொன்னது இதைத்தான். வராந்தாவில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தவனிடம், என் பிள்ளையின் தலையை வழித்து ஊசி குத்தியிருக்கிறார்கள் என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. நான் இல்லாம போட்டுறாதீங்க என்று ஏன் கேட்டாள் என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை. ஊசி இல்லாமல் அந்தத் தலையை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று இருந்திருக்கிறாள். அதைப் போய் நான் போனை அணைத்து வைத்துவிட்டு, எனக்கு மட்டும் என்று எடுத்துக்கொண்டேன். திருப்புங்கள் என்று அவர் கையால் காட்டினார். திருப்பத் தேவையில்லை, அவன்தான் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடக்கிறானே, நான் கொஞ்சம் சாய்ந்தேன், அவ்வளவுதான். அவர் எழுந்து, கண்ணாடிக்கு அடியிலிருந்த இடைவெளிக்குக் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு உட்கார்ந்தார். இருக்கிறது மேடம் என்றார். ஆனால் ஒதுக்குவதற்கு முடி இல்லை, மொட்டை அடித்திருக்கிறார்கள், கடவுளுக்கு என்று உங்கள் கணவர் சொல்கிறார்.

போனில் பின்னால் ஏதோ அறிவிப்பு ஓடியது. அது ஓடி முடிந்தது. செந்தாடிக்காரர் என்னைப் பார்த்தார், போனைக் கண்ணாடிப் பக்கம் நகர்த்தி வைத்தார், பேசுங்கள் என்பது போல.

"என்னங்க."

"ம்."

"மொட்டை போட்டாச்சா?"

"ம்."

மூன்று காரணத்தில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. திட்டப் போகிறாள், இந்த ஆள் முன்னால் திட்டட்டும், எனக்கு வேண்டும்.

"அழுதானா?"

"இல்ல சுடர். சத்தியமா இல்ல. தண்ணி கழுத்துல இறங்கவும் கூசி, சிரிச்சான். அவரு கத்தியை நிறுத்திட்டு அவன் சிரிச்சு முடிக்கிற வரைக்கும் காத்துக்கிட்டிருந்தாரு."

"சரி," என்றாள். குரல் ஆஸ்பத்திரிக் குரலாக இல்லை. "வாங்க."

முத்திரை விழுகிற சத்தத்துக்கு மாயன் திரும்பிப் பார்த்தான். கவுன்டரில் கிடந்த குல்லாவை அவர் எடுத்து நீட்டினார், நான் அதைப் பேன்ட் பாக்கெட்டில் திணித்துக்கொண்டேன். பெட்டிகள் சுற்றிச் சுற்றி வந்தன, எங்கள் பெட்டியில் மாமனார் கட்டிய சிவப்புக் கயிறு இருந்ததால் சீக்கிரம் கிடைத்தது. தள்ளுவண்டி ஒரு பக்கமாக இழுத்தது. கதவு சொன்னபடியே தானாகத் திறந்தது. போனில் முகத்தையே பார்த்துப் பார்த்து, அவளுக்குக் கை கால் எல்லாம் இருப்பது எனக்கு மறந்துவிட்டிருந்தது போல, முழு ஆளாக அவளைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் யாரோ என்றிருந்தது. நீல யூனிபார்ம், மேலே ஒரு கோட்டு, கண்ணுக்குக் கீழே தூக்கம். என்னைப் பார்க்கவில்லை. மாயா என்றாள். அவன் பார்த்தான். நன்றாகப் பார்த்தான். பார்த்துவிட்டு, தாடிக்காரரைப் பார்த்தபோது செய்ததையே செய்தான், என் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்துவிட்டான். அவள் நீட்டிய கை அப்படியே நின்றது. எனக்குத் தாங்கவில்லை. அம்மாடா, உங்கம்மாடா, பாரு என்று அவனைப் பிடித்துத் திருப்பப் போனேன். "விடுங்க," என்றாள். "இருக்கட்டும். பிடிச்சு இழுக்காதீங்க." பக்கத்தில் வந்தாள். முகம்தான் இந்தப் பக்கம் இருந்தது, தலை அவள் பக்கம் இருந்தது. இடது காதுக்கு மேலே கையை வைத்தாள், மெதுவாக, காய்ச்சல் பார்க்கிற மாதிரி. கட்டைவிரல் தேடவே இல்லை, நேரே அதன் மேல் போய் நின்றது. அவன் லேசாக நெளிந்தான், பிறகு பேசாமல் இருந்துவிட்டான். எங்களைச் சுற்றி ஆட்கள் பெட்டியும் பலூனுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். மரத்துப்போன தோளில் அவன் தலையின் பாரத்தோடு அவள் கையின் பாரமும் சேர்ந்து எனக்குத் தெரிந்தது.

"குத்துது," என்றாள். முளைத்துக்கொண்டிருக்கிற முடியை உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தாள். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது, அவள் அதைத் துடைக்கவில்லை, கை இங்கே இருந்தது. பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"யாரு மடியில உட்கார்ந்தான்?"

"என் மடியிலதான்."

"அடுத்த மொட்டைக்கு என் மடி," என்றாள்.